நூறு நாள் வேலைக் கூலி எந்தக் கணக்குக்குப் போகுது?

விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் ஊர். அம்மாவுக்கு 61 வயது, நூறு நாள் வேலைக்குப் போகிறார். 2024 தை மாசம் வாய்க்கால் தூர் வாரும் வேலை. கூடச் செய்த பெண்களுக்கெல்லாம் கூலி ஏறிவிட்டது, அம்மாவுக்கு மட்டும் ஏறவில்லை. வங்கியில் பாஸ்புக் போட்டால் வரவே இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால், "உங்களுக்குப் போட்டாச்சும்மா, கம்ப்யூட்டர்ல காட்டுது" என்கிறார்கள். இரண்டு மாசம் இப்படியே அங்கும் இங்கும் அலைந்திருக்கிறார். டவுன் பஸ் இலவசம்தான், ஆனால் போன ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போச்சு. என்னிடம் பங்குனியில்தான் சொன்னார்.

லீவு போட்டு ஊருக்கு வந்தேன். வேலை அட்டையில் இருந்த கணக்கு எண்ணையும் பாஸ்புக்கையும் திண்ணையில் வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. வங்கியிலும், "ஆதார் லிங்க் ஆயிருக்கே தம்பி" என்றார்கள். அதுவும் சரிதான். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் பணம் இல்லை.

ஊராட்சிச் செயலர்தான் விளக்கினார். 2024 ஜனவரி 1 முதல் இந்தக் கூலி ஆதார் வழியாக மட்டுமே போகிறது. அதாவது அட்டையில் என்ன கணக்கு எண் இருந்தாலும் அதைப் பார்ப்பதில்லை. வங்கிகளுக்கு இடையே பணம் போய்வருவதை நடத்துகிற என்.பி.சி.ஐ. என்கிற நிறுவனத்தின் பதிவேட்டில் நம் ஆதார் எண்ணுக்கு நேரே ஒரே ஒரு வங்கியின் பெயர்தான் இருக்கும். கடைசியாக எந்த வங்கியை அதில் ஏற்றினோமோ, அங்கேதான் பணம் போகும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்து 'லிங்க்' செய்வது வேறு, இந்தப் பதிவேட்டில் ஏற்றுவது வேறு. அதற்கு 'சீடிங்' என்று பெயர். நாம் கவுன்டரில் கேட்கிற கேள்வியில் இந்தச் சொல் இருந்தால்தான் சரியான பதில் வருகிறது.

எந்த வங்கி என்று ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம், 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும். ஆனால் ஓ.டி.பி. வர வேண்டுமே. அம்மாவின் ஆதாரில் இருந்தது எப்போதோ செத்துப்போன சிம். போன் எண்ணை மாற்ற தாலுகா ஆபீஸ் ஆதார் மையத்துக்குப் போனோம், அப்போது 50 ரூபாய். கட்டைவிரலை மெஷின் எடுக்கவே இல்லை. நாற்பது வருஷம் களை பறித்து, கதிர் அறுத்த கை, ரேகையே மழுங்கிப் போயிருக்கு. அங்கிருந்த பெண் ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, "பயப்படாதீங்கம்மா, மெதுவா அமுக்குங்க" என்று பொறுமையாக வைக்கச் சொன்னார். கடைசியில் இடது கை மோதிர விரல் பிடித்தது. அந்தப் பெண் நல்லா இருக்கணும்.

சில நாளில் எண் மாறியது. ஓ.டி.பி. போட்டுப் பார்த்தால், நாங்கள் கேள்விப்படாத ஒரு பேமென்ட்ஸ் வங்கியின் (கடன் தராமல் சேமிப்பும் பணம் அனுப்புவதும் மட்டும் பார்க்கிற வங்கி) பெயர். கணக்கு எண் அதில் வராது, வங்கி பெயர் மட்டும்தான். அம்மா கொஞ்ச நேரம் யோசித்து, "மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒருத்தர் வந்து எல்லார்கிட்டயும் கைரேகை வாங்கினாரே, ஜீரோ பேலன்ஸ், காசு கிடையாதுன்னாரே" என்றார். அந்த வங்கியின் முகவர் கடைக்குப் போய் விரல் வைத்தோம். 18 நாள் கூலி, 4,320 ரூபாய், அப்படியே இருந்தது. அம்மா நோட்டை இரண்டு தடவை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார்.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்று: கைரேகை வாங்கும்போது, "இனி உங்க அரசாங்கப் பணமெல்லாம் இங்கேதான் வரும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லாமலே வாங்கிய கைரேகைக்குப் பெயர் சம்மதமாம்.

பழைய வங்கிக்கே மாற்ற, அந்தப் பழைய வங்கியிலேயே சீடிங் படிவம் கொடுத்தோம். அடுத்த கூலி சரியாக வந்தது.

மறுமொழி

நான் கிராமத்தில் வங்கி முகவராக இருக்கிறேன். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அந்தப் படிவத்தில் முன்பு எந்த வங்கியில் இருந்தது என்று எழுத ஒரு கட்டம் உண்டு. பலரும் அதை வெறுமனே விட்டுவிடுகிறார்கள், மாற்றம் நடக்காமல் திரும்பி வருகிறது. இணையதளத்தில் காட்டும் பெயரைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். இன்னொன்று, ஊரில் ஒருத்தருக்குமே பணம் வரவில்லை என்றால் அது நிதி வராத தாமதம். உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால்தான் சீடிங்கைச் சந்தேகப்படணும்.

மறுமொழி

என் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய். மூன்று மாசம் வரவில்லை. என் கணக்கு போதும் என்று நினைத்து, அவளுக்குத் தனிக் கணக்கு வைக்காததுதான் காரணம். அவள் பெயரில் கணக்கு தொடங்கி, அவள் ஆதாரை சீடிங் செய்த பிறகு வந்தது. முதல் பணத்தில் அவளே போய் ஒரு கால்குலேட்டர் வாங்கினாள்.

மறுமொழி

மாமியாருக்கு முதியோர் பென்ஷன் 1,200. அது வரும் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பணம் பிடித்தார்கள். மேனேஜரிடம் போய், அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ரிசர்வ் வங்கி விதிப்படி அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. முதலில் தயங்கினார், கடிதத்தின் நகலில் சீல் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டதும் மாற்றிக் கொடுத்தார். நகலில் சீல் வாங்காமல் வராதீங்க.

முதலில் எழுதியவர்

அந்த முகவர் அண்ணன் சொன்ன கட்டத்தை நாங்களும் முதல் தடவை விட்டுவிட்டோம், பத்து நாள் கழித்து மறுபடி எழுதினோம். இப்போது அம்மா தன் குழுவில் 14 பேருக்கு என் போனில் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நேற்று வரை ஒன்பது பேர் ஆச்சு, மூன்று பேருக்கு அதே வங்கி.