இடப்பக்கத்தில் யார் நிற்பது? 2025 ஜனவரியில் கேன்சஸ் சிட்டியில் நாங்கள் நடத்திய வாதம்

முதல் உறுப்பினர், ஓவர்லேண்ட் பார்க், கேன்சஸ்

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் பிளேஆஃப் (லீக் முடிந்த பின் தோற்றவர் வெளியேறும்) ஆட்டங்களுக்கு முன்பாகத் தம் அணியின் லெஃப்ட் டேக்கிள் யார் என்று கவலைப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் அதைப் பகிர வேண்டும் என்று விரும்பி, என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

எங்கள் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியில் பந்தை எறியும் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் வலக்கையால் எறிபவர். எறிவதற்கு ஆயத்தமாகும்போது அவருடைய உடல் வலப்பக்கம் திரும்பிவிடுவதால், இடப்பக்கத்திலிருந்து பாய்ந்து வருபவரை அவரால் பார்க்க இயலாது. அந்தக் கண் படாத பக்கத்தைக் காத்து நிற்பவர்தான் லெஃப்ட் டேக்கிள். 2024 சீசனில் சீஃப்ஸ் அணி 15 வெற்றி, 2 தோல்வி என்ற நிலையில், லீக்கின் தன் பாதியான ஏஎஃப்சியில் முதலிடம் பிடித்தது. ஆனால் இந்த ஒரே இடத்தில் நான்கு பேரை நிறுத்திப் பார்த்தது. புதிதாக வந்த கிங்ஸ்லி சுவாமத்தாயா இரண்டாவது ஆட்டத்திலேயே, சின்சினாட்டியின் டிரே ஹெண்ட்ரிக்சனுக்கு எதிரில் திணறியதால் உட்கார வைக்கப்பட்டார். அடுத்து வந்த வான்யா மோரிஸ் நவம்பர் வரை நின்றார். நவம்பரில் ஒப்பந்தமான டி.ஜே. ஹம்ஃப்ரீஸ், டிசம்பர் 8 அன்று சார்ஜர்ஸ் அணிக்கு எதிராக ஆடிய முதல் ஆட்டத்திலேயே தொடைத் தசையில் காயமுற்றார். அதன் பிறகுதான், டேக்கிளுக்கு உட்பக்கம் அடுத்து நிற்பவரான, அணியின் மிகச் சிறந்த லெஃப்ட் கார்டு ஜோ தூனியை ஓரிடம் வெளியே தள்ளி டேக்கிளாக நிறுத்தி, அவர் விட்ட இடத்தில் மைக் காலியெண்டோவை வைத்தார்கள்.

ஜனவரி 5 அன்று டென்வரில் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஆடிய கடைசி லீக் ஆட்டத்தில் ஹம்ஃப்ரீஸ் திரும்பி வந்தார். 38-0 என்று தோற்ற அந்த ஆட்டத்தை வைத்து எவரையும் எடைபோட முடியாது. எனினும், உடல் தேறிவிட்ட ஒரு பிறவி டேக்கிள் கையில் இருக்கும்போது தூனியை அவருடைய பழைய இடத்துக்கே அனுப்பிவிடலாமே என்ற கேள்வி மறுநாள் எங்கள் அலுவலக உணவறையில் எழுந்தது. அனுப்பிவிட வேண்டும் என்பது என் கட்சி.

எதிர்க்கட்சி, பல ஆண்டுகளாக ஏரோஹெட் மைதானத்தில் சீசன் டிக்கெட் வைத்திருக்கும் மூத்த சக ஊழியர் ஒருவர். பள்ளி நாட்களில் கார்டாக ஆடியவர். அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில், குளிரில் கையுறைகளைக் கழற்றிவிட்டு, என் இரண்டு தோள்களையும் பிடித்து எனக்குப் பாடம் நடத்தினார். கார்டுக்கு இரு பக்கமும் ஆள் உண்டு, ஒருவர் நழுவவிட்டாலும் அடுத்தவர் தோள் கொடுப்பார். டேக்கிளோ ஓரத்தில் தனியாக நின்று, பின்னோக்கிச் சறுக்கியபடியே தன்னைவிட வேகமானவரை நெடுங்கையால் தள்ளிவிட வேண்டும் என்று விளக்கினார். தூனிக்குக் கை நீளம் போதாது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும், கல்லூரியின் இறுதியாண்டில் டேக்கிளாக ஆடிய தூனி எங்கே கால் வைக்க வேண்டும் என்பதில் ஒருபோதும் தவறமாட்டார் என்றும், சிலுவைத் தசைநார் அறுந்து ஓராண்டே ஆன ஹம்ஃப்ரீஸின் 31 வயது முழங்காலை நம்பிக் கணுக்கால் சுளுக்கிய மஹோம்ஸை ஒப்படைக்கத் தமக்கு மனம் வராது என்றும் கூறினார்.

எனக்கோ 2021 பிப்ரவரி நினைவுக்கு வந்தது. நான் கேன்சஸ் சிட்டிக்குக் குடிபெயர்ந்த முதல் குளிர்காலம் அது. சாம்பியனை முடிவு செய்யும் சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டத்தில் லெஃப்ட் டேக்கிள் எரிக் ஃபிஷரின் குதிகால் நாண் அறுந்தது. வலப்பக்க டேக்கிளாக இருந்த மைக் ரெம்மர்ஸை இடப்பக்கம் மாற்றினார்கள். அவருடைய இடத்துக்கு வலப்பக்க கார்டு ஆண்ட்ரூ வைலி போனார். வைலியின் இடத்துக்கு இன்னொருவர் வந்தார். ஒருவரை இழந்ததற்கு மூன்று இடங்கள் மாறின. டாம்பாவில் மஹோம்ஸ் ஆட்டம் முழுவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதையும், சீஃப்ஸ் 31-9 என்று தோற்றதையும் பார்த்த பிறகு, ஓர் ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டையைத் திறக்கும் எந்த ஏற்பாட்டையும் என்னால் நம்ப முடியவில்லை. என் அச்சம் தூனியைப் பற்றியது அன்று. அவர் விட்டுச் சென்ற இடத்தைப் பற்றியது.

இரண்டாம் உறுப்பினர், மிசௌரி

ஐயா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் உங்கள் நண்பரின் கட்சி, இப்போதும் அப்படித்தான். ஓரத்திலிருந்து பாய்வதில் பெயர்பெற்றவர்களான, டிசம்பர் 15 அன்று கிளீவ்லண்டில் மைல்ஸ் காரெட்டையும், 21 அன்று ஹூஸ்டனின் வில் ஆண்டர்சன், டேனியல் ஹண்டர் இருவரையும், கிறிஸ்துமஸ் அன்று டி.ஜே. வாட் இருந்த பிட்ஸ்பர்க்கையும் பதினொரு நாட்களுக்குள் அணி எதிர்கொண்டது. பழக்கமில்லாத இடத்தில் தூனி நின்ற அந்த மூன்று ஆட்டங்களிலும் சீஃப்ஸ் வென்றது. இதைவிடக் கடினமான தேர்வை எந்தப் பயிற்சியாளரும் வைக்க முடியாது.

ஜனவரி 18 அன்று ஹூஸ்டன் மீண்டும் வந்தபோது நான் ஏரோஹெட்டில் மேல் அடுக்கில் அமர்ந்திருந்தேன். அன்று பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல், தூனியின் கால்களை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு மணி நேரம் அப்படிப் பார்த்தால் இந்த விளையாட்டே வேறொன்றாகத் தெரிகிறது. ஆண்டர்சன் வெளிப்புறமாகச் சுற்றி வரும்போது தூனி அவரைத் தடுத்து நிறுத்த முயலாமல், அவர் போகும் வழியிலேயே இன்னும் சற்றுத் தள்ளிக் கொண்டுபோய்விடுவார். அதற்குள் மஹோம்ஸ் ஓரடி முன்னே வந்து எறிந்துவிடுவார். சில முறை அது பலிக்கவில்லை என்பதும் உண்மை. சீஃப்ஸ் 23-14 என்று வென்றது; அடுத்த வாரம் பஃபலோவை 32-29 என்று வீழ்த்தியது. அதுவரை உங்கள் அச்சம் நிகழவில்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் உறுப்பினர், ஃபிலடெல்ஃபியா

இந்தக் கவலையைக் கேட்கும்போதெல்லாம் எங்கள் ஈகிள்ஸ் அணியின் லெஃப்ட் டேக்கிள் ஜோர்டன் மைலாட்டாவை நினைத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவரை, இந்த விளையாட்டில் ஒரு போட்டிகூட ஆடாத நிலையில், புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 2018ஆம் ஆண்டுத் தேர்வின் ஏழாம் சுற்றில் ஈகிள்ஸ் எடுத்தது. முதல் இரண்டு ஆண்டுகள் அவரைக் களமிறக்காமல் முன்வரிசைப் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் பயிற்றுவித்தார். அப்போது அவர் பெயர் அடிபட்டபோது நானும் தலையசைத்து மறுத்தவன்தான். இந்த இடத்துக்கு உரியவரை டிசம்பரில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பல ஆண்டுகள் பொறுத்திருந்து உருவாக்கத்தான் முடியும்.

முதல் உறுப்பினர், ஓவர்லேண்ட் பார்க், கேன்சஸ்

மிசௌரி நண்பருக்கு: ஒப்புக்கொள்கிறேன். பஃபலோ ஆட்டம் முடிந்த இரவில் என் சக ஊழியரை அழைத்து, அவர் சொன்னதே சரி என்று கூறினேன். பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஈகிள்ஸ் 40-22 என்று வென்ற ஆட்டத்தை அவர் வீட்டில் சேர்ந்து பார்த்தோம். இடைவேளையில் ஈகிள்ஸ் 24-0 என்று முன்னிலை. மஹோம்ஸ் ஆறு முறை பந்தோடு தரையில் வீழ்த்தப்பட்டார். அந்த ஆறில் இரண்டு மில்டன் வில்லியம்ஸ் கணக்கில், ஒன்று ஜோர்டன் டேவிஸ் கணக்கில். இருவரும் ஓரத்தில் அல்லாமல் நடுவில் நிற்பவர்கள். கூடுதலாக ஆள் அனுப்பாமல் முன்வரிசையைக் கொண்டே ஈகிள்ஸ் அதைச் செய்தது. நடுவழி திறந்துகொண்டபோது அவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோமே தவிர, என் வாதம் பலித்தது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஹம்ஃப்ரீஸ் நின்றிருந்தால் ஓரம் உடைந்திருக்காது என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

மார்ச்சில் தூனியைச் சிக்காகோ அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிலாகக் கிடைத்தது 2026ஆம் ஆண்டுத் தேர்வின் நான்காம் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை. அது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. ஏப்ரலில் 32ஆவது தேர்வாக ஒஹாயோ ஸ்டேட் டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸை எடுத்த இரவில் என் சக ஊழியர் தொலைபேசியில் அழைத்து மகிழ்ச்சியோடு பேசினார். சிம்மன்ஸும் முந்தைய அக்டோபரில் முழங்கால் நாண் கிழிந்தவர் ஆயிற்றே என்று கேட்டேன். இளவயது முழங்காலுக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் இருக்கிறது, ஜனவரியில் நம் கையில் இருந்தது இரண்டே வாரங்கள் என்றார். தூனி விட்டுப்போன இடத்தைப் பற்றிக் கேட்டபோது, சுவாமத்தாயாவை உள்ளே கார்டாக நிறுத்திப் பார்க்கட்டும், இரு பக்கமும் ஆள் இருந்தால் அந்தப் பிள்ளை நன்றாக நிற்பான் என்று சொன்னார்.