புதுப்பிப்பு: தண்டையார்பேட்டை தையல் யூனிட், ஓவர்டைம் விவகாரம்

அண்ணி வேலை பார்க்கும் ஏற்றுமதி யூனிட்டில் ஓவர்டைமுக்கும் சாதாக் கூலிதான், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு நாளில் 9 மணி நேரமோ வாரத்தில் 48 மணி நேரமோ தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே உள்ள உரிமை. தொழிற்சங்கத்தின் பெயரிலேயே தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு கொடுத்தோம். தனி ஆள் பெயர் எதுவும் போடவில்லை. ஆர்டர் போய்விடும் என்று மேனேஜர் பயமுறுத்தினார். எப்போதும் பாடும் பாட்டுதான்.

உண்மையில் கைகொடுத்தது காலரில் தைக்கும் லேபிள், அதாவது அதில் இருக்கும் பிராண்டின் பெயர். வங்கதேசத்தில் 2013-ல் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, நிறைய பிராண்டுகள் தங்களுக்குத் தைக்கும் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிடுகின்றன. அப்படிப்பட்ட பட்டியல்களைத் திரட்டி வைத்திருக்கும் 'ஓப்பன் சப்ளை ஹப்' இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். யூனிட்டின் பெயர் அதில் இருந்தது. பிராண்டுக்கே கடிதம் போனது. அப்புறம்தான் இங்கே வருகைப் பதிவேடே ஒழுங்கானது!

இந்த மாதச் சம்பளச் சீட்டில் ஓவர்டைம் இரட்டிப்பாக வந்திருக்கிறது. பழைய பாக்கி வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம். வியாசர்பாடியில் பீஸ் ரேட்டுக்கு வீட்டிலேயே பிசிறு வெட்டும் பெண்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களைப் பற்றி ஞாயிறு மாலை சங்கத்தில் பேசுகிறோம். வர முடிந்தவர்கள் சொல்லுங்கள்.