தன்னார்வப் பணி பற்றி ஆங்கிலத்தில் கேட்கப் பழக்குவது எப்படி?

கேள்வி:
ஸ்கார்பரோவில், புதிதாகக் குடியேறியவர்களுக்காகக் கனடிய அரசின் நிதியில் நடக்கும் லிங்க் எனும் ஆங்கில வகுப்பொன்றில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். இலக்கணப் பயிற்சிகளைத் தவறின்றி முடிக்கும் பெரியவர்கள்கூட, நூலகத்திலோ உணவு வங்கியிலோ தன்னார்வப் பணி உண்டா என்று கேட்க வாய்திறப்பதில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
முதல் வாக்கியத்தோடு, எதிர்முனையிலிருந்து வரக்கூடிய கேள்விகளையும் சேர்த்தே பழக்குங்கள். "ஐ வுட் லைக் டு வாலண்டியர் ஹியர், ஹூ குட் ஐ ஸ்பீக் டு?" என்பதை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள், ஆனால், எந்தெந்த நாள்களில் வர முடியும் என்று மறுபக்கம் வேகமாகக் கேட்டதும் திகைத்து நின்றுவிடுவார்கள். ஆகவே, இருவரிருவராக முதுகோடு முதுகாக அமர்த்தி, தொலைபேசியில் பேசுவதுபோல் பேசச் செய்யுங்கள். "சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?" என்பது அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

பதில் 2:
குற்றப் பின்னணியைச் சரிபார்த்துத் தரும் காவல்துறைச் சான்று பற்றியும் சொல்லிக்கொடுங்கள். குழந்தைகளுடனோ முதியோருடனோ பணிபுரிய ஒன்ராறியோவில் பெரும்பாலும் அதைக் கேட்பார்கள். போரிலிருந்து தப்பி வந்தவர்கள் போலீஸ் என்றதுமே பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்பணிக்கு வரும் எல்லோருக்கும் பொதுவான நடைமுறை அது என்று வகுப்பிலேயே விளக்கிவிட்டால் அச்சம் பெரிதும் குறையும்.

பதில் 3:
பணி முடிந்தபின் பரிந்துரைக் கடிதம் கிடைக்குமா என்று கேட்கவும் பழக்குங்கள். வேலை தேடும்போது அது மிகவும் உதவும்.