ஏலக்காய் விலை இறங்கினால் நெஞ்சு படபடக்கிறது: வீடியோ காலில் ஆலோசனை எடுப்பது சரிப்படுமா?

கம்பம்மெட்டு ரைட்டர்
கேரளாவில் நெடுங்கண்டம் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். குத்தகைக்கும் கொஞ்சம் தோட்டம் எடுத்திருக்கிறேன். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் கிலோ 7000 ரூபாய் வரை போன ஏலக்காய், அடுத்த சில வருடங்களில் ஆயிரத்துக்கும் கீழே வந்தது உங்களுக்கே தெரியும். அந்தச் சரிவில் கடன் ஏறியது, கூடவே படபடப்பும் வந்தது. ராத்திரி தூக்கம் இல்லை, நெஞ்சு அடைக்கும், கை நடுங்கும். இசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, இது பதற்றம், உளவியலாளரைப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். இப்போது சென்னையில் இருக்கும் ஒரு உளவியலாளர் அம்மாவிடம் வாரம் ஒருமுறை வீடியோ காலில் பேசுகிறேன், நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் போனில் பேசுவதற்குக் காசா என்று மச்சான் சண்டை போடுகிறார். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

போடி வியாபாரி
மச்சான் பக்கம்தான் நான் தம்பி. உங்கள் கவலைக்குக் காரணம் விலை. அது ஏறாதவரை யாரிடம் எத்தனை வாரம் பேசினாலும் கடன் அப்படியே நிற்கும். அந்தக் காசை வட்டியில் கட்டுங்கள். அப்புறம், எதிரில் உட்கார்ந்து பார்த்தால்தான் ஒருவரின் முகவாட்டமும் கை நடுக்கமும் தெரியும். செல்போனில் கழுத்துக்கு மேலேதான் தெரிகிறது.

கம்பம்மெட்டு ரைட்டர்
விலையை அந்த அம்மாவால் மாற்ற முடியாது அண்ணே, மாற்றுவேன் என்று அவர் சொல்லவும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, இன்னும் நூறு ரூபாய் இறங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். அதனால் ஒரு ரூபாய் கடன் அடைந்ததா? அந்தக் கவலையை நோட்டில் எழுதச் சொன்னார். இதில் நாளைக்கு நான் செய்யக்கூடியது எது, என் கையில் இல்லாதது எது என்று பிரிக்க வேண்டும். சாயங்காலம் அரை மணி நேரம் கவலைக்கென்று ஒதுக்கி, மற்ற நேரத்தில் வருவதை எல்லாம் அதற்குத் தள்ளிவைக்க வேண்டும்.

பயத்தில் நான் ஏல மையத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டிருந்தேன். போகாமல் இருந்தால் அப்போதைக்கு நிம்மதி கிடைக்கும், ஆனால் அந்த நிம்மதியே அங்கே ஆபத்து இருக்கிறது என்ற எண்ணத்தை இன்னும் கெட்டியாக்கும் என்று விளக்கினார். அதனால் முதலில் போடி ஏல மையத்துக்குப் போய் வாசலில் நின்றுவிட்டு வருவது. அப்புறம் உள்ளே போய், படபடப்பு வந்தாலும் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருப்பது. கொஞ்ச நேரத்தில் அது தானாகவே இறங்குகிறது. அந்தத் தைரியத்தில்தான், அதுவரை முகத்தைக் காட்டாமல் இருந்த வங்கிக்குப் போய்த் தவணையை மாற்றிக் கேட்டேன். நீங்கள் சொல்லும் அதே கடன்தான்.

குமுளி செல்வி
போடி அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மனநலப் பிரிவு வரிசையில் நம் ஊர்க்காரர் ஒருவர் நம்மைப் பார்த்துவிட்டால், நாம் வீடு திரும்புவதற்குள் தெருவுக்கே சேதி போய்விடும். கல்யாணம் ஆகாத பெண்ணென்றால் கேட்கவே வேண்டாம். அது மட்டுமா, கடையிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் நான் மலையாளத்தில் சமாளித்துவிடுவேன், மனசில் இருப்பதைத் தமிழில்தான் சொல்ல வரும். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஆலோசகர் கிடைக்கவில்லை. வீடியோவில் கிடைத்தார்.

தேனி செவிலி
பேசுகிறவர் என்ன படித்தவர் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். உளவியலாளர் மாத்திரை எழுத முடியாது, அதற்கு மனநல மருத்துவர்தான் வேண்டும்.

ரைட்டர் தம்பி செய்ததெல்லாம் சிந்தனை நடத்தைச் சிகிச்சையில் வருவது. பதற்றத்துக்கு அதை ஒரு சிகிச்சையாளர் இணையம் வழியாக முறையாக நடத்தினாலும், நேரில் கிடைக்கும் அளவுக்குப் பலன் கிடைப்பதை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தம்பி இதயத்தையும் தைராய்டையும் முதலில் பார்த்துக்கொண்டது ரொம்பச் சரி. தைராய்டு கூடினாலும் இரத்தசோகை வந்தாலும் இதே படபடப்பு வரும்.

ஆனால் உயிரை விடும் எண்ணம் வந்தாலோ, காதில் குரல் கேட்டாலோ அடுத்த வீடியோ நேரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது 14416க்கு அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

போடி வியாபாரி
படிப்பு விஷயத்தில் செவிலியம்மா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் வீடியோ ஆலோசனை, கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை இருப்பவர்களுக்குத்தான். ஜீப்பில் மேட்டுக்கு ஏறும் தோட்டத் தொழிலாளிக்கு அது எங்கே இருக்கிறது?

சாந்தன்பாறை மகள்
அண்ணன் சொல்வது எங்கள் வீட்டு நிலைமை. அம்மா காய் எடுக்கிறவர். மழை பலமாகப் பெய்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பார். 2020இல் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தோடு 70 பேர் போனதிலிருந்து இப்படித்தான். எங்களுடையதும் லயம், இங்கே பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஒரே போன், அதுவும் அப்பா கையில். எழுதி அனுப்பலாம் என்றால் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஒரு வீடியோ ஆலோசனைக்குக் கேட்கும் காசு அவருடைய ஒரு நாள் கூலிக்கு மேல்.

குமுளி செல்வி
தங்கச்சி, வார நாளில் என் தையல் கடைக்குப் பின்னால் இருக்கும் அறை சும்மாதான் கிடக்கும். ஆனால் அங்கிருந்து குமுளி ரொம்ப தூரம். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

தேனி செவிலி
பூப்பாறை, போடிமெட்டு வழியாகப் போடி அரசு ஆஸ்பத்திரிக்கு அம்மாவை அழைத்து வர முடியுமா? மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் அங்கே என்றைக்கு வருகிறார் என்று விசாரித்துச் சொல்கிறேன். மழைக்குப் பயப்படுகிறார் என்பதை மட்டும் சொன்னால் போதாது, பெட்டிமுடியையும் சொல்லுங்கள்.

போடி வியாபாரி
என்றைக்கு என்று தெரிந்ததும் எனக்கும் சொல்லுங்கள். காய் எடுக்கப் பூப்பாறைக்கு எங்கள் ஜீப் வருகிறது, திரும்பும்போது இருவரும் ஏறிக்கொள்ளலாம்.

சாந்தன்பாறை மகள்
அம்மாவிடம் கேட்டேன். வருகிறேன் என்றார், ஆனால் கூலி போகாத நாளாக இருக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமையில் டாக்டர் இருப்பாரா அக்கா?