புதுப்பிப்பு: ஈமாக்ஸை மாற்றியமைக்கும் அளவுக்கு ஃபங்ஷனல் புரோகிராமிங்

ஈமாக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரை என் வசதிக்கு மாற்றிக்கொள்ள, ஃபங்ஷன்களையே மதிப்புகள் போலக் கையாண்டு நிரல் எழுதும் ஃபங்ஷனல் புரோகிராமிங்கை எங்கிருந்து தொடங்குவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியைப் படித்துவிட்டு வா என்றவர்களும் உண்டு, ஆனால் எனக்குக் கைகொடுத்தது 'ஸ்க்ராட்ச் பஃபரைத் திறந்து ஈலிஸ்பிலேயே எழுதிப் பார்' என்ற யோசனைதான் (ஸ்க்ராட்ச் பஃபர் ஈமாக்ஸுக்குள் சும்மா எழுதிப் பார்க்கும் இடம், ஈலிஸ்ப் ஈமாக்ஸின் சொந்த நிரல் மொழி). ஒரு வரி எழுதி, அடைப்புக்குறிக்குப் பின்னால் கர்சரை வைத்து கண்ட்ரோல்-எக்ஸ் கண்ட்ரோல்-ஈ தட்டினால் விடை கீழேயே வந்துவிடுகிறது. பட்டியலில் வேண்டியதை மட்டும் வடிகட்டும் செக்-ஃபில்டர் (seq-filter), பட்டியலை ஒரே விடையாகச் சுருக்கும் செக்-ரெட்யூஸ் (seq-reduce) இரண்டும் அப்படித்தான் பிடிபட்டன.

அப்புறம் கோப்புறைகளுக்கு ஷார்ட்கட் வைக்க, பாதையைக் கொடுத்தால் அதைத் திறக்கும் லாம்டாவை, அதாவது பெயரில்லாத ஃபங்ஷனை, திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். எதிர்பாராதது இங்கேதான் வந்தது. ஸ்க்ராட்சில் அழகாக ஓடியது, ஈமாக்ஸ் தொடங்கும்போது படிக்கும் இனிட் கோப்பில் போட்டு விசையை அழுத்தினால் மாறிக்கு மதிப்பே இல்லை என்று 'வாய்ட்' பிழை!

காரணம்: ஈமாக்ஸ் 27 முதல் ஸ்க்ராட்சில் லெக்ஸிகல் பைண்டிங் (ஒரு பெயர் எந்த மாறியைக் குறிக்கிறது என்பதை, கோடில் அது எழுதப்பட்ட இடத்தை வைத்துத் தீர்மானிக்கும் முறை) தானாகவே உண்டு, என் 29-ஆம் பதிப்பில் கோப்புகளுக்கு அது கிடையாது, நாமே கேட்க வேண்டும். அது இல்லாவிட்டால் லாம்டா தன்னைச் சுற்றியுள்ள மாறிகளை நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அதாவது க்ளோஷரே உருவாவதில்லை. கோப்பின் முதல் வரியில், கமெண்டுக்குள், இரண்டு -*- குறிகளுக்கு நடுவே லெக்ஸிகல்-பைண்டிங்கை 'டி' (t, அதாவது 'ஆம்') என்று வைத்து ஈமாக்ஸை மறுபடி தொடங்கினேன், சரியாகிவிட்டது.