பேலன்ஸ் சார்ஜிங்: சமநிலையா, நிரவலா, வடிப்பா?

பாம்பனிலிருந்து:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

நாட்டுப்படகுகளில் ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ, வாக்கிடாக்கி, தலைவிளக்கு எல்லாவற்றுக்கும் பழைய ஏழு ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி போய் லித்தியம் வந்துகொண்டிருக்கிறது. அதை ஏற்றுவதற்குக் கையில் கிடைப்பது, பொம்மை விமானம் விடுகிறவர்களுக்காகச் செய்த பி6 வகைச் சார்ஜர். நான்கு பொத்தான், இரண்டு வரித் திரை, பக்கவாட்டில் வெள்ளை சாக்கெட் வரிசை. மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துப் பழுதுக்காரர்களுக்காக இதைப் பற்றித் தமிழில் ஒரு கையேடு தயாராகிறது. பேட்டரியின் எல்லாச் செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஏற்றுகிற ‘பேலன்ஸ் சார்ஜ்’ என்ற இடத்தில் வேலை நிற்கிறது.

‘சமநிலை மின்னேற்றம்’ என்று எழுதினால், குறைந்த செல்லுக்குச் சார்ஜர் கூடுதலாக ஊட்டுகிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நடப்பது அதற்கு நேர் எதிர். செல்கள் தொடராக இருப்பதால் எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஒரு செல் முந்திக்கொண்டு 4.20 வோல்ட்டை நெருங்கினால், அதற்குக் குறுக்கே இருக்கும் மின்தடையைச் சார்ஜர் திறந்துவிடுகிறது. சுமார் 200 மில்லி ஆம்பியர் அந்த வழியாக வெளியேறிச் சூடாகப் போய்விடும். மற்ற செல்கள் எட்டிப்பிடிக்கும் வரை இதே கதைதான்.

செல்லுக்கு 0.84 வாட் என்பது காகிதத்தில் சின்னக் கணக்கு. ஆனால் ஆறு செல்லுக்கான தடைகளையும் காற்றோட்டம் குறைந்த அலுமினியப் பெட்டிக்குள், ஒன்றையொன்று ஒட்டி, மின்சுற்றுப் பலகையின் ஒரே மூலையில் வைத்துவிடுகிறார்கள். அந்த மூலை முதலில் பழுக்கும், பிறகு கறுக்கும், அப்புறம் செம்புத் தடம் பலகையை விட்டு எழும்பிவிடும். பழுதுக்கு வரும் பெட்டியைத் திறந்ததும் கண் போக வேண்டிய இடம் அது.

நேரக் கணக்கும் யாருக்கும் பிடிபடுவதில்லை. 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரு செல் 5 விழுக்காடு முந்தியிருந்தால் வடிக்க வேண்டியது 250. மணிக்கு 200 வீதம் போனால் ஒன்றேகால் மணி நேரம். "ஏற்றம் முடிந்த மாதிரி இருக்கு, ஆனா சார்ஜர் நிறுத்த மாட்டேங்குது" என்று சொல்லி நல்ல சார்ஜரைக் கழித்துக்கட்டுவது இதனால்தான். சொல்லிலேயே விஷயம் தெரிந்தால் பாதிக் குழப்பம் போகும். என்ன சொல் வைக்கலாம்?

*

இராமநாதபுரத்திலிருந்து:

வணக்கம். ‘சமன்’ என்ற வேரையே இதற்குத் தொடாமல் விடுவது நல்லது. ஈயப் பேட்டரிக்கு ‘ஈக்வலைசிங்’ என்று வேறொரு வேலை இருக்கிறது. தண்ணீர் ஊற்றுகிற 12 வோல்ட் பேட்டரியை வேண்டுமென்றே 15, 15.5 வோல்ட் வரை தூக்கி, அமிலம் கொப்பளித்துக் கலங்கும்படி சில மணி நேரம் விடுவது அது. அதற்குச் ‘சமனேற்றம்’ பொருத்தமான பெயர். லித்தியத்துக்கும் அதே சொல்லை வைத்தால், ஒரு பட்டறையில் இரண்டையும் பார்க்கிற பையன் நான்கு செல் லைஃப் (LiFe, இரும்பு பாஸ்பேட் லித்தியம்) பேட்டரிக்கு 15.5 வோல்ட் வைத்துவிடுவான். செல்லுக்கு 3.6, 3.65-இல் நிற்க வேண்டியது 3.87 தாண்டும்.

‘நிரவு’ என்பது என் முன்மொழிவு. நிலத்தை நிரவுவது எல்லோருக்கும் தெரிந்த வேலை. வினையாகவும் பெயராகவும் வளைந்து கொடுக்கும்: நிரவல், நிரவி, நிரவு மின்னேற்றம். அந்த வெள்ளைச் சாக்கெட்டுக்குப் போகிற மெல்லிய வயர்க் கொத்து ‘நிரவு வடம்’. செல்லுக்கு ‘கலம்’ என்று வைத்து, முழுப்பெயரைக் ‘கலநிரவல்’ என்று சொல்லலாம்.

*

வாலிநோக்கத்திலிருந்து:

ஐயா, சொல் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் உப்பளத்தில் பாத்தி நிரவும்போது மேட்டு மண்ணை எடுத்துப் பள்ளத்தில் போடுகிறோம். பாம்பன் அண்ணன் சொல்கிற சார்ஜர் மேட்டு மண்ணை எடுத்துக் கடலில் அல்லவா கொட்டுகிறது? பள்ளம் தானாக மேடேறும் வரை காத்திருக்கிறது. இதை நிரவல் என்றால், எந்தத் தவறான எண்ணத்தைக் கழிக்கப் பார்க்கிறோமோ அதுவே திரும்ப வந்து உட்காரும்.

உண்மையாகவே நிரவுகிற கருவியும் இருக்கிறது. கெப்பாசிட்டரையோ காயிலையோ இடையில் வைத்து, உயர்ந்த செல்லிலிருந்து எடுத்துத் தாழ்ந்த செல்லில் விடுகிற தனிப் பலகைகள். சூரியசக்திக்கு வைக்கும் பெரிய லைஃப் பேட்டரிகளில் மாட்டுகிறார்கள். அங்கே அதற்கான தேவையும் இருக்கிறது. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 2 விழுக்காடு என்றால் 2 ஆம்பியர்-மணி. உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் பலகை) 50 மில்லி ஆம்பியர் வடித்தால் 40 மணி நேரம். அதுவும் லைஃப் செல் 3.4 வோல்ட்டுக்கு மேலே நிற்கும் நேரம் மட்டும்தான் கணக்கில் சேரும். அதற்குக் கீழே வோல்ட் தட்டையாக ஓடுவதால் எது முந்தியது, எது பிந்தியது என்று பிஎம்எஸ்ஸுக்கே தெரியாது.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். தடை வழியாகக் கழிப்பது ‘வடிநிரவல்’. எடுத்து மாற்றுவது ‘பெயர்நிரவல்’. பொதுவாகச் சொல்லும்போது நிரவல் என்றே நிற்கட்டும்.

*

கீழக்கரையிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வடிநிரவல் எனக்குச் சம்மதம். இந்தச் சொல் இருந்தால் நம் கரைக்கே உரிய ஒரு பழுதைச் சுருக்கமாக விளக்கிவிடலாம், அதற்காகவே ஆதரிக்கிறேன்.

நிரவு வடத்தின் முனையில் இருப்பது ஜேஎஸ்டி எக்ஸ்ஹெச் வகை இணைப்பி. பின்களுக்கு இடையே 2.5 மில்லிமீட்டர். மூன்று செல்லுக்கு நான்கு பின், ஆறு செல்லுக்கு ஏழு. தகரப் பூச்சு மெல்லியது. உப்புக்காற்றில் பூச்சு போனதும் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு 0.1 ஓம் தடை கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லி ஆம்பியர் வடியும்போது அந்தப் பின்னில் 20 மில்லி வோல்ட் விழும்.

அது ஒன்றாவது, இரண்டாவது செல்களுக்கு நடுவில் இருக்கிற பின் என்றால் வேடிக்கை. இரண்டாவது செல்லை வடிக்கும்போது அந்தச் செல் 20 மில்லி வோல்ட் குறைவாகத் தெரியும். பக்கத்து ஒன்றாவது செல் 20 மில்லி வோல்ட் கூடுதலாகத் தெரியும். உடனே சார்ஜர் ஒன்றாவதை வடிக்கத் தொடங்கும், படம் தலைகீழாக மாறும். திரையில் இரண்டு செல்லும் ஊஞ்சல் ஆடும், வேலை முடியவே முடியாது. பக்கத்துப் பக்கத்துச் செல் இரண்டு, ஒன்று ஏறினால் மற்றது அதே அளவு இறங்குகிறது என்றால் செல் கெட்டதென்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நடுவில் இருக்கிற பின்னைப் பாருங்கள். வடிப்பை நிறுத்திவிட்டு அளக்கிற நல்ல சார்ஜரில் இந்த ஆட்டம் வராது. மலிவு நகல்களில்தான் வரும்.

உறுதிசெய்ய: வடத்தைச் சார்ஜரிலிருந்து கழற்றி, பேட்டரிப் பக்கத்துப் பின்களில் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு செல்லாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மாட்டியபின் திரையில் வருவதோடு ஒப்பிடுங்கள். எல்லாச் செல்லிலும் ஒரே மாதிரி 20, 30 மில்லி வோல்ட் விலகினால் சார்ஜரின் அளவீடு பிசகு. இரண்டில் மட்டும் எதிரெதிராக விலகினால் களிம்பு.

வடத்தை மாற்றும்போது ஒரு வயரை வெட்டி, பற்றவைத்து, உறை போட்டபிறகே அடுத்த வயர். கொத்தாகக் கத்தரித்தால் கத்தரியே ஷார்ட் ஆகும். சார்ஜரைக் கழற்றி வைத்தாலும் பேட்டரி உயிரோடுதான் இருக்கிறது.

இன்னொரு கோபமும் இருக்கிறது. திரையில் ‘லைப்போ’ (லித்தியம் பாலிமர்), ‘லைஃப்’ இரண்டும் ஒரே மாதிரி எழுத்து, ஒரே பொத்தான். கண் தவறினால் நான்கு செல் லைஃபுக்கு 14.4-க்குப் பதில் 16.8 வோல்ட். இப்படி ஒரு பட்டியலை வடிவமைத்தவர் இருட்டில், ஈரக்கையோடு அதை இயக்கிப் பார்த்திருக்க மாட்டார். இந்த இரண்டுக்கும் முதல் எழுத்திலேயே வேறுபடுகிற தமிழ்ப்பெயர் கட்டாயம் வேண்டும்.

*

பாம்பனிலிருந்து:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்), உங்கள் ஊஞ்சல் விளக்கம் அப்படியே கையேட்டில் போகும்.

வடிநிரவல், பெயர்நிரவல் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ‘கலம்’ மட்டும் வேண்டாம். கடற்கரையில் கலம் என்றால் மரக்கலம். படகுக் கையேட்டில் ‘கலநிரவல்’ என்று போட்டால், வள்ளம் ஒரு பக்கம் சாயாமல் பாரத்தை மாற்றி அடுக்குவதைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்று நினைப்பார்கள். ‘மின்கலம்’ என்றாலும் தீராது, பேட்டரியையும் செல்லையும் அந்த ஒரே சொல்லால்தான் குறிக்கிறோம். செல் என்றே விட்டுவிடலாம். லைப்போவுக்கு ‘பை லித்தியம்’, லைஃபுக்கு ‘இரும்பு லித்தியம்’. லைஃபில் இருப்பது இரும்பு பாஸ்பேட்தானே. பை வடிவம் வேறு வேதியியலிலும் வரும் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். பட்டறைக்கு இது போதும்.

களிம்பைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். ஐசோபுரோப்பைல் ஊற்றித் தேய்த்தால் உப்பு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். எண்ணெயும் பிசினும் போகும், உப்பு அதில் கரையாது. முதலில் பேட்டரியையும் மின்சாரத்தையும் கழற்றுங்கள். பெட்ரோல் பங்கில் விற்கிற பேட்டரித் தண்ணீரால் பலகையை மென்மையான பிரஷ் வைத்துக் கழுவி, பிறகு 99 விழுக்காடு ஐசோபுரோப்பைலால் அந்தத் தண்ணீரை விரட்டி, முழுக்க உலரவிட வேண்டும். உலர்ந்தபின் அக்ரிலிக் காப்புப் பூச்சு. சாக்கெட், பொத்தான், விசிறி மூன்றையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ கூடாது, நம் ஊர்த் தண்ணீரிலேயே பாதி உப்பு.

சார்ஜருக்குள் செத்துப்போவதில் பெரும்பாலானவை மாஸ்ஃபெட்கள், அதாவது மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிற சில்லுகள். வெளியீட்டு வயரைத் தலைகீழாகக் கொடுத்தால் திரையில் எச்சரிக்கை வரும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். சில நகல்களில் எச்சரிக்கை வருவதற்குள் மாஸ்ஃபெட் போய்விடுகிறது. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து அதன் டிரெயின், சோர்ஸ் என்ற இரண்டு கால்களுக்கும் இடையே இரு திசையிலும் பாருங்கள். இரண்டிலும் பூஜ்யம் என்றால் முடிந்தது. மாற்றலாம் என்று பார்த்தால் சில்லின் முதுகில் எண்ணைச் சுரண்டி வைத்திருப்பார்கள். பழுதுபார்க்கிறவன் மேல் இவர்களுக்கு என்ன பகையோ! மாற்றி மூடும்போது, சில்லுக்கும் அலுமினிய உடலுக்கும் நடுவே இருக்கிற மைக்கா அல்லது ரப்பர் தாளைத் திரும்ப வைக்க மறந்தால், புதுச் சில்லும் அதே நொடியில் போகும்.

மாட்டும் வரிசை: முதலில் வெளியீட்டு வயரின் வாழைப்பழ முள்ளை (பனானா பிளக்) சார்ஜரில் செருகுங்கள், அடுத்து பேட்டரியின் தடித்த முனை, கடைசியில் நிரவு வடம். கழற்றும்போது தலைகீழ் வரிசை. பேட்டரியை முதலில் மாட்டினால் வாழைப்பழ முள் இரண்டும் வெறும் உலோகமாக வெளியே தொங்கும், ஒன்றோடொன்று உரசினால் தீப்பொறிதான். படகுப் பேட்டரியிலிருந்து சார்ஜருக்கு எடுக்கிற வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ். வயர் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் உள்ளீடு 11 வோல்ட்டுக்குக் கீழே போய்ச் சார்ஜர் நின்றுவிடும். அதைப் பழுதென்று பிரித்துப்போட வேண்டாம், வயரைத் தடிப்பாக்கினால் சரியாகும்.

*

இராமநாதபுரத்திலிருந்து:

கலத்தைக் கைவிடுகிறேன். மரக்கலம் எனக்குத் தோன்றாமல் போனது, கரையிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதன் குறைதான். பட்டியலில் இப்படிப் பதிகிறேன். நிரவல்: தொடரில் உள்ள செல்களின் ஏற்ற அளவை ஒன்றாக்குவது. வடிநிரவல்: உயர்ந்த செல்லின் மிகுதியைத் தடை வழியே வெப்பமாகக் கழிப்பது. பெயர்நிரவல்: மிகுதியைத் தாழ்ந்த செல்லுக்கு மாற்றுவது. நிரவு வடம், நிரவி. சமனேற்றம்: ஈயப் பேட்டரிக்கு மட்டும், அதிலும் மூடிமுத்திரை வகைக்குக் கூடாது.

மீதி இருப்பது, பேட்டரியை நாள்கணக்கில் சும்மா வைப்பதற்குச் சார்ஜரில் இருக்கிற ‘ஸ்டோரேஜ்’ நிலை. சேமிப்பு என்றால், மின்சாரத்தைச் சேமித்து வைப்பது என்று பொருள் திரிகிறது.

*

கீழக்கரையிலிருந்து:

ஸ்டோரேஜுக்குக் ‘கிடப்பேற்றம்’. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுச் சாமான் எல்லாம் கிடப்பில்தானே கிடக்கிறது. பை லித்தியத்தை முழுசாக ஏற்றி அத்தனை நாள் வெயிலில் போட்டால் உப்பிவிடும். செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட்டில் வைக்க வேண்டும்.

இங்கேதான் அந்தச் சார்ஜரின் மகா குறை. இறக்கும் திறன் வெறும் 5 வாட். நான்கு செல், 5000 அளவுள்ள முழுப் பேட்டரியை அந்த அளவுக்கு இறக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். யார் காத்திருப்பார்கள்? 12 வோல்ட், 21 வாட் வண்டி பல்பு இரண்டைத் தொடராகப் போட்டு எரியவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கும். ஒற்றை பல்பு ஆகாது, 16.8 வோல்ட்டில் இழை போய்விடும். மேலும் பல்புக்கு எங்கே நிற்பதென்று தெரியாது. நிரவு வடத்தில் மாட்டுகிற குறைவோல்ட் ஒலிப்பானைச் செல்லுக்கு 3.8-இல் வைத்துவிட்டு, பக்கத்திலேயே இருக்க வேண்டும். எரியவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனால் பேட்டரியைக் குப்பையில்தான் போட வேண்டியிருக்கும்.

*

வாலிநோக்கத்திலிருந்து:

கிடப்பேற்றம் சரி. இரும்பு லித்தியத்துக்கு வோல்ட்டைப் பார்த்துக் கிடப்பு அளவைக் கணிக்க முடியாது, பாதிக்கு மேலும் கீழும் 3.3-ஐ ஒட்டியேதான் நிற்கும். அதற்கு, முழுக்க ஏற்றி எவ்வளவு எடுத்தோம் என்று ஆம்பியர்-மணிக் கணக்கில் பாதி இறக்கவும் என்று ஒரு வரி சேருங்கள். பிஎம்எஸ் உள்ளே வைத்து மூடிய பேட்டரியில் நிரவு வடம் வெளியே வராது என்பதும் அங்கேயே வரட்டும். வடம் தொலைந்துவிட்டது என்று தேடிப் பெட்டியை அறுத்துவிடப் போகிறார்கள்.