கியூ பேலஸ் வாசல்ல 1631னு இருக்கு, ஆனா வீடு அதுக்கும் பழசாமே?

வெட்டிப்பயணி: போன வாரம் லண்டன் கியூ கார்டன்ஸ் போனோம், செடி கொடி பாக்கத்தான் போனது, ஆனா ஆத்தோரமா நிக்கிற அந்த செக்கச்செவேல் செங்கல் வீட்டுலயே பாதி நாள் போயிடுச்சு. கதவுக்கு மேல 1631னு போட்டிருக்கு. கூட வந்தவர் அடியில இருக்கறது அதுக்கும் முந்தினதுன்னார். எது உண்மை?

செங்கல்சூளை: ரெண்டுமே உண்மைதாங்க. 1631ல சாமுவேல் ஃபோர்ட்ரேன்னு ஒரு பட்டு வியாபாரி கட்டினது, ஃபிளாண்டர்ஸ்ல (நெதர்லாந்துக்கு பக்கத்துல, இப்போ பெல்ஜியம்) இருந்து வந்த குடும்பம், அதான் ஊர்ல டச்சு ஹவுஸ்னே பேர் விழுந்துடுச்சு. ஆனா கீழ இருக்கற நிலவறை 16ம் நூற்றாண்டுல அதே எடத்துல இருந்த வேற ஒரு வீட்டோடது, வளைவு எடுத்து கட்டினது. மேல இருந்தத இடிச்சவர் அத மட்டும் விட்டுவச்சு அது மேலயே கட்டிட்டார், நல்லா நிக்கிற அடிய யாரு தோண்டுவா. சுவத்த பாத்தீங்களா? ஒவ்வொரு வரிசையிலயும் ஒரு கல்லு நீளவாக்குல, அடுத்தது தலை மட்டும் தெரியற மாதிரி, மாத்தி மாத்தி வரும், அதுக்கு ஃபிளெமிஷ் பாண்டுன்னு பேரு. இங்கிலாந்துல அந்த கட்டு பரவலாகறதுக்கு முன்னாடியே இங்க வந்துடுச்சு. அதோட ஜன்னல சுத்தி இருக்கற வேலைப்பாடெல்லாம் செங்கல்ல வெட்டி தேய்ச்சு எடுத்தது, எனக்கு அதுதான் மேட்டரே, ராஜா ராணி கதையெல்லாம் அப்புறம்.

சும்மாஒருத்தன்: ராஜா கதைய ஏன் விடறீங்க, இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜ் உடம்பு முடியாம இருந்தப்போ தங்கவச்ச வீடு, அவர் சம்சாரம் சார்லட் ராணி 1818ல இங்கதான் செத்தாங்க. அப்புறம் அந்த சிவப்பு செங்கல் கலர் இல்லீங்க, செங்காவி கலந்த சுண்ணாம்பு. பழைய பூச்சு துளியூண்டு ஒட்டிட்டு இருந்துச்சாம், அத வச்சு கலர் கண்டுபிடிச்சு பூசினாங்க. பத்து வருஷம் மூடி வேலை பாத்து 2006ல திறந்தாங்க.

வெட்டிப்பயணி: அய்யோ நான் செங்கல்னு நெனச்சு தடவிப் பாத்துட்டு வந்தேன்! சரி, கதவு மேல வருஷத்தோட ஏதோ எழுத்தும் இருந்துச்சே?

செங்கல்சூளை: எஸ், சி. சாமுவேல், அவர் சம்சாரம் கேத்தரின். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முடிச்சு போட்டாப்ல இருக்கும்.

வெட்டிப்பயணி: போட்டோவ ஜூம் பண்ணேன், வருஷம் தெளிவா இருக்கு, எழுத்த என் பொண்ணு குடைய விரிச்சு மறைச்சிட்டா 😅